பெட்டிக்கு ஒரே கூலி

ராத்தா,

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு மாமா ஒரு வெள்ளை அட்டையும் கறுப்பு மார்க்கர் பேனையும் கொண்டுவந்து என் பாடப் புத்தகங்களுக்கு மேல் வைத்தார். கடையில் தொங்கவிடக் கூலிப் பட்டியல் வேண்டுமாம். "உன்ட எழுத்துத்தான் மகள் வடிவு. தூரத்தில நிண்டாலும் வாசிக்கணும்" என்றார். மூடியைக் கழற்றியதும் அந்தக் காரமான மணம் வந்தது. நீ வாங்கிவந்த இருபது தகரப் பெட்டிகளுக்கும் நான் இலக்கம் எழுதியது இதே போன்ற பேனையால்தான். பெட்டிகள் இப்போதும் உன் முன்னறை அலுமாரியில் இருக்கின்றன. அவற்றுக்குள் நகைகளும் இருக்கின்றன. நீதான் இல்லை.

உனக்கு இந்த யோசனை வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கட்டாருக்குப் போன உன் மாப்பிள்ளை, மச்சான், போனில் கதைப்பதையே நிறுத்தியிருந்தார். உம்மாவின் மருந்துக்காக உன் சங்கிலியை அடகு வைக்க, ராத்தாவும் தங்கச்சியுமாகக் கல்முனைப் பஸாருக்குப் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் சங்கிலியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "மாப்பிள்ள போட்டதா, வாப்பா போட்டதா?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டார். வரிசையில் நின்ற ஆண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பஸ்ஸில் திரும்பி வந்து சாய்ந்தமருதில் இறங்கியதும் கேட்டாய். "நகையக் கொண்டுபோய் வைக்கிறது பொம்புளைகள்தானே. அத வாங்கிறதுக்கு ஏன்கா ஒரு பொம்புளை இல்ல?"

அடுத்த நாளே பிரதேச செயலகத்துக்குப் போய், அடகுக் கடை தொடங்க என்னென்ன வேண்டும் என்று கேட்டு வந்தாய். நீ சொல்லச் சொல்ல நான் கொப்பியில் எழுதினேன். கிராம உத்தியோகத்தரின் கடிதம், பொலிஸ் அறிக்கை, வியாபாரப் பெயர்ப் பதிவு, இரும்புப் பெட்டி, இலக்கமிட்ட அடகுச் சீட்டுகள். தராசுக்கு அரசாங்க முத்திரை இருக்க வேண்டும் என்பதுதான் உன்னை அதிகம் அலைக்கழித்தது. மூன்று தரம் தராசைத் துணியில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாய். தங்கம் உரைத்துப் பார்க்கப் பழகுவதற்கு ஒரு மாதம் காரைதீவில் நகை செய்பவர் வீட்டுக்குப் போய் வந்தாய். செயலகம் கேட்காத ஒன்றும் இருந்தது. அது வட்டி, மார்க்கத்தில் ஹராமானது. அதற்காகப் பள்ளிவாசல் ஹஸரத்திடம் போனாய். திரைக்கு இந்தப் பக்கம் உன்னோடு நானும் இருந்தேன்.

"நகையப் பாதுகாக்கிறதுக்குக் கூலி எடுக்கலாம்" என்றார் அவர். "ஆனா குடுத்த காசு கூடக் கூட கூலியும் கூடினா, அது வட்டிதான் மகள். வேற பேர் வச்சாலும் வட்டிதான்."

வீட்டுக்கு வந்ததும் தகரப் பெட்டிகளை வாங்கினாய். பிள்ளையின் மோதிரமானாலும் சரி, கலியாண மாலையானாலும் சரி, ஒரு பெட்டிக்கு மாதத்துக்கு ஒரே கூலி. பெண்கள் முன்வாசலுக்கு வராமல், வீட்டின் பக்கத்துக் கதவால் வந்து போகலாம். கொப்பியில் இருந்த பட்டியலின் கடைசி இலக்கமாக, 'பெட்டிக்கு ஒரே கூலி' என்று எழுதச் சொன்னாய். எழுதியதும் கொப்பியைக் கையில் வாங்கிப் பார்த்து, "முத்து முத்தா இரிக்கி" என்றாய்.

விண்ணப்பத்தில் ஓர் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தோம். விண்ணப்பதாரரின் பெயர். வாப்பா இல்லாத வீட்டில் மாமாவின் சொல்தான் கடைசிச் சொல். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதலாம் என்றாய்.

"பொம்புளைட பேர்ல அடகுக் கடையா?" என்று கேட்டார் மாமா. தேத்தண்ணிக் கோப்பையைக்கூட அவர் கீழே வைக்கவில்லை. "நான் பள்ளிவாசல்ல எப்பிடி முகம் குடுக்கிற? என்ட பேரப் போடு. நீ உள்ளுக்க இருந்து நடத்து."

அந்த விண்ணப்பத்தில் பெண் கூடாது என்று ஒரு வரியும் இல்லை. நான் இரண்டு தரம் வாசித்திருந்தேன். சொல்லியிருக்கலாம். நான் உன் முகத்தைப் பார்த்தேன், நீ தராசைப் பார்த்தாய். "எழுது புள்ள. கடை திறந்தாப் போதும்" என்றாய். எழுதினேன்.

மழை தொடங்கியதும் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்று சொல்வதற்குள் நான்கு நாள் போய்விட்டது. ஆறாம் நாள் நீ மௌத்தாகிவிட்டாய். உன் நாற்பதாம் கத்தம் ஓதிய கிழமையில் அனுமதிப்பத்திரம் வந்தது. மாமா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பத்து நாளில் உன் முன்னறை வாசலில் 'வட்டியில்லா நகை அடகு' என்று பலகை ஏறியது. பக்கத்துக் கதவை அடைத்துவிட்டார்கள். பெண்கள் இப்போது முன்வாசலால்தான் வருகிறார்கள், ஆண்களோடு வரிசையில் நிற்கிறார்கள்.

போன கிழமை மருதமுனையிலிருந்து நெசவு செய்யும் ஒரு பெண் இரண்டு காப்பு கொண்டுவந்தார். "இஞ்ச இரிந்த புள்ள பெட்டிக் கூலி எண்டு சொல்லிச்சே?" என்று கேட்டார். "அது அவட கணக்கு" என்றார் மாமா. அந்தப் பெண் காப்புகளைத் திரும்பக் கையில் போட்டார். வாசல் வரை போனார். பிறகு திரும்பி வந்து கழற்றிக் கொடுத்தார்.

இன்று மாமா சொல்லத் தொடங்கினார். கொடுக்கும் காசு இத்தனை ரூபா வரைக்கும் என்றால் இவ்வளவு கூலி, அதற்கு மேலே போனால் இவ்வளவு.

"மாமா, இது வட்டி" என்றேன்.

"கூலி எண்டுதானே எழுதச் சொன்ன."

"ஹஸரத் ராத்தாக்கிட்டச் சொன்னத நானும் கேட்ட. காசோட சேந்து கூடினா..."

"மௌத்தானவள யாவாரத்துக்குள்ள இழுக்காத. எழுது."

எழுதினேன், ராத்தா. அட்டை நிறைய, பெரிய எழுத்தில், 'பெட்டிக்கு ஒரே கூலி' என்று எழுதினேன். மாமா வாசித்தார். ஏசுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "நல்ல வடிவாத்தான் எழுதியிரிக்காய். மத்தப் பக்கத்தில நான் சொன்னத எழுது" என்று அட்டையைத் திருப்பி வைத்தார். நான் பேனையை மூடினேன். மாமா மூடிய பேனையைப் பார்த்து, "பெரிய படிப்புக்காரி. பிறஸ்ஸில குடுத்தா அரை மணித்தியாலத்தில அச்சடிச்சுத் தருவானுகள்" என்று சொல்லிவிட்டுப் போனார். மஃரிப் தொழுகைக்கு முன்னரே புதுப் பட்டியல் சுவரில் தொங்கியது.

பேனையை மூடுவது இவ்வளவு லேசான வேலை என்று விண்ணப்பத்தில் மாமாவின் பெயரை எழுதிய அன்று எனக்குத் தெரியவில்லை.

அந்த அட்டையை என் கொப்பிகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். அதை யாரும் வாசிக்கப் போவதில்லை. ஆனால் விண்ணப்பத்தின் பிரதியை மாமா கடை மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறார். பாடசாலைக்குப் போகும்போதும் வரும்போதும் முன்னறையைக் கடந்துதான் போக வேண்டும். பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் கண் போகிறது. அவருடைய பெயர் என் எழுத்தில், முத்து முத்தாக இருக்கிறது.