நான் சொல்லாத இரண்டு பெயர்கள்

என்னங்க,

இருபத்தெட்டு வருடம் இப்படித்தான் கூப்பிட்டேன். இப்போதும் வேறு வார்த்தை வரவில்லை. ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால்கூட அட்டையைத்தான் நீட்டுவேன், நீங்கள் பக்கத்தில் நின்று சிரிப்பீர்கள். நாளை மறுநாள், இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாள். அன்றைக்கு நான் செய்ய வேண்டியதை முதலில் உங்களிடம் சொல்லிவிட வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் செய்தி. காப்பி இல்லாமல்கூட இருப்பீர்கள், செய்தி இல்லாமல் இருக்க மாட்டீர்களே. உலகம் நீங்கள் விட்டுப்போன இடத்தில்தான் நிற்கிறது, இன்னும் கொஞ்சம் மோசமாக. சண்டை நடக்கிற கடலைச் சுற்றிக்கொண்டு கப்பல்கள் போவதால் நம் பனியன் கம்பெனி சரக்கு தாமதமாகிறது. ஆர்டர் குறைந்துவிட்டது. செக்கிங்கில் எங்களுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. போன ஞாயிறு ஏதோ ஒரு தேசத்தில் பூசைக்குப் போனவர்கள் வீடு திரும்பவில்லை. டிவியில் கிரிக்கெட் ஸ்கோருக்குக் கீழே ஒரு வரி ஓடியது. அடுத்த வரி மழை அறிவிப்பு.

தலைவர்கள் வழக்கம்போல் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். "ஆண்டவர வெளிய நிறுத்திட்டு உள்ள உக்காந்து சமாதானம் பேசறாங்க புள்ள" என்பீர்கள். "ஆமாங்க, ஐ.நா. சபைக்கு அடுத்த ஊடு நம்முளுதுதானுங்க, போய்ச் சொல்லிட்டு வாங்க" என்று நான் கிண்டல் செய்வேன். இப்போது கிண்டல் செய்ய ஆளில்லை. நீங்கள் சொன்னது சரி என்று மட்டும் தெரிகிறது, சரியாக இருந்து என்ன பயன் என்றுதான் தெரியவில்லை.

வெளிநாட்டுக்காரர்களின் கிறிஸ்துமஸ் ஆர்டர் முடிந்தது. நீங்கள் கட்டிங் மாஸ்டராகச் சேர்ந்த காலத்தில் பனியன் நெஞ்சில் மாட்டுக்கொட்டிலும் பாலன் இயேசுவும் அச்சாகும். பிறகு விண்மீன் மட்டும். பிறகு மான். அந்த மானைப் பார்த்த அன்று மத்தியானம் நீங்கள் சாப்பிடவில்லை. "பொறந்த பாலனும் வேண்டாம், வயித்துல இருக்கற பாலனும் வேண்டாங்கறாங்க. இவங்க போய் குண்டு வெக்கறவன்கிட்ட உசுரு பெருசுன்னு சொன்னா அவன் கேப்பானா?" என்றீர்கள். இந்த வருடம் மானும் இல்லை. ஒரு சிவப்புத் தொப்பி, அவ்வளவுதான்.

நீங்கள் பிறர் அழுகையை வீட்டுக்குக் கொண்டுவந்த மனிதர். நவம்பர் மாதம் எல்லாரும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரை எழுதிக் கோவில் பெட்டியில் போடுவார்கள். நீங்கள் கம்பெனியில் கழித்துப்போட்ட, பனியனில் தொங்கவிடும் டேக் அட்டைகளைக் கொண்டுவந்து, பின்பக்கத்தில் பேப்பரில் பார்த்த பெயர்களை எழுதுவீர்கள். எந்தெந்த நாட்டிலோ கோவிலிலும் சந்தையிலும் பள்ளிக்கூடத்திலும் செத்தவர்கள். அவர்களுக்காக யாரும் ஊர்வலம் போகவில்லை, நாமாவது பெயரைச் சொல்வோம் என்பீர்கள். அதுவரை எனக்குப் பெருமைதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த ஒரு டேக்கும் உள்ளே போனது. உபதேசியார் மைக்கில் மளமளவென்று வாசித்துக்கொண்டே போனவர், அந்தப் பெயரையும் வாசித்துவிட்டார். பூசை நடக்கும் கோவிலுக்குள் குண்டைக் கட்டிக்கொண்டு போய் வெடித்தவனின் பெயர். ஒரு வாரமாக டிவியில் ஓடிய பெயர். கோவில் முழுக்க ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "நான்தானுங்க எழுதுனேன்" என்று நீங்கள் எழுந்து நின்றீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்றைக்கு உங்கள் வண்டியில் நான் ஏறவில்லை. நடந்தேன். நீங்கள் வண்டியை உருட்டிக்கொண்டே என் பின்னால் வந்தீர்கள்.

"நரகம் இருக்குதுன்னு நம்பறயா இல்லியா?" என்று கேட்டீர்கள். "நம்பறதாலதான் எழுதுனேன். இல்லீனா எனக்கென்ன? திருச்சபை இதுவரைக்கும் ஆரையும் நரகத்துல இருக்கறான்னு பேர் சொல்லிச் சொன்னதில்ல புள்ள."

"செத்த கொழந்தைங்களோட அம்மாகிட்டப் போய்ச் சொல்லுங்க இத" என்றேன்.

வீடு வரும்வரை வண்டிச் சக்கரச் சத்தம் மட்டும் கேட்டது. நம் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் அன்பியத்தின் தலைவர் பொறுப்பை உங்களிடமிருந்து எடுத்து வேறு ஒருவருக்குக் கொடுத்தார்கள். நீங்கள் கடைசி பெஞ்சுக்குப் போனீர்கள். ஒரு வார்த்தை ஆதரவாகச் சொல்லியிருக்கலாம் நான். சொல்லவில்லை. இந்தத் தவக்காலத்தில் கட்டிங் டேபிள் பக்கத்திலேயே விழுந்து, போய்விட்டீர்கள். இனி யாரிடம் சொல்ல?

அந்த நாளுக்குப் பிறகு பங்குத்தந்தை விதியை மாற்றிவிட்டார். பெட்டி கிடையாது. அவரவர் வீட்டுப் பெயர்களை அவரவரே மைக்கில் வாசிக்க வேண்டும். போன இரண்டு வருடமும் நான் உங்களைப் போக விடவில்லை. இந்த வருடம் உங்களுக்காக நான்தான் போக வேண்டும். உங்கள் ஜெபப் புத்தகத்தைத் திறந்தால், சாகும்வரை நீங்கள் எழுதிவைத்த டேக்குகள் நூலில் கோத்துக் கிடந்தன. அதில் அவனும் இருந்தான், அதே கையெழுத்தில். அன்றிலிருந்து விடாமல் அவனுக்கு ஜெபித்திருக்கிறீர்கள், எனக்குத் தெரியாமல், என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு.

பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டேன். "மைக்குல இவன் பேரச் சொன்னா தப்புங்களா சாமி?"

"தப்பில்லம்மா. சனங்கதான் தாங்க மாட்டாங்க."

"நானே தாங்கலீங்க சாமி" என்றேன்.

உண்மையைச் சொல்கிறேன். நான் அவனை மன்னிக்கவில்லை. நான் ஜெபித்து எந்தக் குண்டும் வெடிக்காமல் நிற்கப்போவதில்லை. அடுத்த நவம்பருக்கும் டேக்குகள் தேவைப்படும், இதைவிடக் கூடுதலாகவே. ஆண்டவர் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்த உலகம் திருந்தும் என்று அவரே நம்புகிறாரா என்று தெரியவில்லை.

ஆனாலும் ஒரு வாக்குத் தருகிறேன். நாளை மறுநாள் மைக் முன்னால் போய் நிற்பேன். வாழ்நாளில் முதல்முறையாக உங்கள் பெயரைச் சத்தமாகச் சொல்வேன். அடுத்து அவன் பெயரைச் சொல்வேன். கோவில் முணுமுணுத்தால், "நான்தானுங்க எழுதுனேன்" என்பேன். பிறகு வீட்டுக்கு நடந்து வருவேன். பின்னால் வண்டியை உருட்டிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தும், மெதுவாகத்தான் நடப்பேன்.

இப்படிக்கு,
சூசைராஜின் மனைவி
லூர்து மேரி