திறப்பு விழாவுக்குக் காத்திருக்கும் கக்கூஸ்

மார்ச் 9, திங்கள்

புழுக்கம். விடியவே வியர்வை. மழைக்கு ஒரு அறிகுறியும் இல்லை.

இன்று செய்ய:
– மூன்றாம் ஒழுங்கை மின்குமிழ். ஏழு பேர் முறைப்பாடு. நானே கம்பத்தில் ஏறுவேன் என்று ஏழு பேருக்கும் எண்ணம்.
– குப்பை அள்ளும் ரக்ரர் வண்டிக்குச் சில்லு. மூன்று கிழமையாக 'நாளைக்கு'.
– வாசிகசாலைக்குப் பத்திரிகை நின்றுபோனது ஏன்? கேட்க.
– குழி உறிஞ்சும் பவுசர் லொறி பதிய.

கடைசியாக எழுதியது நான் உறுப்பினராக இருக்கும் பிரதேச சபையின் வேலை அல்ல, எங்கள் வீட்டு வேலை. மலக்குழி நிரம்பிவிட்டது. வீட்டில் இருப்பது இரண்டு பேர். கட்டி ஆறு வருடம். நிரம்புகிற காலமா? நிரப்புவது சந்தை.

எங்கள் பின்மதில்தான் சந்தையின் பின்மதில். காலை ஆறு மணிக்குப் படலை தட்டப்படும். முதலில் நாகேஸ் அக்கா. சண்டிலிப்பாயிலிருந்து முதல் பஸ்ஸில் கீரைக் கடகத்தோடு வருகிறவ. பிறகு மரக்கறிக்காரிகள், தேங்காய்க்காரி, மயிலிட்டி மீன்காரி. ஒவ்வொருவராக, தலையைக் குனிந்துகொண்டு. கடன் கேட்க வந்தவர்கள் மாதிரி. மீன்காரி போகும்போது குசினிப் படியில் நாலு சூடை மீன் வைத்துவிட்டுப் போகிறா. வேண்டாம் என்று சொல்லிக் களைத்துவிட்டேன்.

இன்று பதினான்கு பேர். எண்ணியது நான் அல்ல, என் மனுசன், இவர். முப்பது வருடம் மாஸ்டராக வகுப்பில் வரவு டாப்பு கூப்பிட்ட பழக்கம்.

"நீர் உறுப்பினரா வந்தது எங்கடை கக்கூசை ஊருக்கு விடவோ?"

எனக்குக் கோபம் இவர் மேல் இல்லை. சந்தைக்குள் புத்தம்புது மலசலகூடம் இருக்கிறது. பெண்களுக்கு இரண்டு அறை, தரைக்கு ஓடு, கைகழுவும் தொட்டி. பொங்கலுக்கு முன்னமே வேலை முடிந்தது. கதவில் பூட்டு. அந்த வட்டாரத்தின் உறுப்பினர் நான். தினமும் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டு போகிறேன்.

சபையில் பவுசருக்குக் காசு கட்டினேன். பற்றுச்சீட்டில் 'வீட்டுப் பாவனை' என்று எழுதித் தந்தார்கள். வீட்டுப் பாவனையாம்!

மார்ச் 10, செவ்வாய்

மின்குமிழ் போட்டாயிற்று. சில்லு இல்லை.

சபைத் தவிசாளரைக் கண்டேன். மலசலகூடப் பூட்டின் திறப்பு அவர் மேசை லாச்சிக்குள்தான். லாச்சியை இழுத்தும் காட்டினார், சிவப்பு நூல் கட்டிய திறப்பு.

"தங்கச்சி, கனடாவிலையிருந்து அந்த ஐயா ஆடி மாசம் கோயில் திருவிழாவுக்கு வாறார். தாயின்ரை பேரிலை கட்டித் தந்தவர். அவர் வந்து நாடா வெட்டேக்கை புதுசா இருக்க வேண்டாமோ?"

"இன்னும் நாலு மாசம் கிடக்குது அண்ணை."

"நாலு மாசம் கண்மூடி முழிக்கிறதுக்குள்ளை போயிடும்."

கண்மூடி முழித்துக்கொண்டு அடக்கிவைத்திருக்கட்டும், நாலு மாதம். ஆண்கள் மதிலோரம் போகிறார்கள். பெண்கள்?

சபையின் இந்த வருட வரவுசெலவுப் பாதீட்டை எடுத்துப் பார்த்தேன். திறப்பு விழாவுக்கு ஒதுக்கீடு: மேளம், பந்தல், மாலை, பொன்னாடை, சிற்றுண்டி, அழைப்பிதழ், வீடியோ. அதே பக்கத்தில் கீழே, சந்தை மலசலகூடம் துப்புரவு செய்ய ஆளுக்கு: கோடு. ஒரு சின்னக் கோடு. ஒன்றுமில்லை என்று அர்த்தம். சபையின் வருமானத்தில் பெரும்பங்கு சந்தைக் குத்தகை. குத்தகைக்காரரின் ஆள் விடியற்காலையே வந்து கடகத்துக்கு இவ்வளவு என்று துண்டு கிழித்துக் காசு வாங்குகிறான். கடகத்துக்கு வரி. கடகம் சுமந்து வந்தவளுக்கு வாசல் பூட்டு.



மார்ச் 12, வியாழன்

வெயில் கொளுத்தியது.

காலை பத்து மணி இருக்கும். தேங்காய்க்காரி ஓடிவந்தா. நாகேஸ் அக்கா கடகத்தின் மேலேயே சரிந்துவிட்டா. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. சிறுநீர் வழியில் கிருமி, சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டது என்றார்கள். வாட்டில் சேர்த்தாயிற்று.

பெண் டொக்டர், சின்ன வயசு. கேட்டா:

"அம்மா, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறனீங்கள்?"

"சந்தை நாளிலை குடிக்கிறேல்லை, பிள்ளை."

"கிழமையிலை எத்தினை நாள் சந்தை?"

"ஏழு நாளும்."

டொக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டா.

டொக்டர் போனதும் நாகேஸ் அக்காவை ஏசினேன். நோயாளியை ஏசுகிறேனே என்றும் தெரிந்தது. எங்கள் வீடு இருக்கிறதே, ஏன் தண்ணீர் குடிக்காமல் இருந்தீர்கள் என்று. "காலமை ஒருக்கால் வாறன் தானே. ரெண்டாந்தரமும் வந்தால் மாஸ்டருக்குக் கரைச்சல்" என்றா. இவர் முணுமுணுத்தது மதிலுக்கு அப்பாலும் கேட்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்து இவரிடம் அப்படியே சொன்னேன். பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறக்காமல்: நா. அக்காவின் கடகம் எங்கள் விறாந்தையில். கீரை வாடிவிட்டது. காசுப் பை மீன்காரியிடம்.

மார்ச் 13, வெள்ளி

கோயிலுக்குப் போகவில்லை. சபைக்குப் போனேன்.

இன்றைக்கு விடுவதில்லை என்றுதான் போனேன். எந்த மடையர்கள் கூடி விழா வரை பூட்டி வைக்கிற முடிவை எடுத்தார்கள், பெயர் பெயராகத் தெரிய வேண்டும், ஒவ்வொருவரிடமும் முகத்துக்கு நேரே கேட்க வேண்டும். செயலாளர் அளந்து பேசுகிற மனிதர்; உத்தியோகத்தர், கட்சி ஒன்றும் இல்லை. "இருங்கோ அக்கா, கூட்டறிக்கையிலை பாப்பம்" என்று புத்தகத்தை எடுத்து விரலால் தேடினார். தேடியவர் நிறுத்தினார். வாசிக்கவில்லை. புத்தகத்தை என் பக்கம் திருப்பிவிட்டார்.

'திறப்பு விழா நடைபெறும் வரை மேற்படி மலசலகூடத்தைப் பொதுமக்கள் பாவனைக்கு விடுவதில்லை என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. முன்மொழிந்தவர்: உபதவிசாளர். வழிமொழிந்தவர்: திருமதி தவமலர் யோகநாதன்.'

நான்.

நினைவு வருகிறது. எனக்கு அது மூன்றாவது கூட்டம். நீலச் சேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. உபதவிசாளர் ஏதோ நீளமாக வாசித்தார். தவிசாளர் என்னைப் பார்த்துச் சிரித்து, "தங்கச்சி, நீங்கள் வழிமொழியுங்கோ, பொம்பிளை உறுப்பினரின்ரை பேரும் அறிக்கையிலை வரட்டும்" என்றார். இது இங்கே ஒரு வழமை. புதிதாக வந்த பெண்ணுக்குச் செய்கிற மரியாதை. மாலை போடுகிற மாதிரி. 'திறப்பு விழாவைச் சிறப்பாக' என்பது காதில் விழுந்தது. மிச்சம் விழவில்லை. கையை உயர்த்தினேன். என்ன சந்தோஷம் எனக்கு! அடுத்த நாள் பத்திரிகையில் படத்தோடு வந்தது. வெட்டி இதே கொப்பிக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன். போய்ப் பார்த்தேன். சிரித்துக்கொண்டு இருக்கிறேன்.

மடையர்கள் பட்டியல் கேட்டுப் போனவள், அதில் பெயரோடு இருப்பது நான் ஒருத்திதான்.

செயலாளர் தேத்தண்ணி எடுப்பித்துத் தந்தார். குடிக்காமல் வந்துவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

ஆஸ்பத்திரி. சோறும் புளியில்லாத குழம்பும் கொண்டுபோனேன். காய்ச்சல் இறங்கியிருக்கிறது. கையில் ஊசி குத்திய இடம் வீங்கி நீலம். வெளிக்கிடும்போது இவர், "நானும் வரட்டோ?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன், ஏன் என்று தெரியவில்லை.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. சோற்றைக் குழைத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னேன். "நாகேஸ் அக்கா, அந்தக் கக்கூசைப் பூட்டி வைக்கச் சொல்லிக் கை உயத்தினது நான்தான்."

"ஓம், தெரியும் பிள்ளை. பேப்பரிலை வந்ததெல்லோ."

"எப்ப பாத்தனீங்கள்?"

"அப்பவே. கீரை சுத்த எடுத்த பேப்பர். உம்மடை படம் கிடந்தது. உது எங்கடை மெம்பரெண்டு மீன்காரிக்கும் காட்டினனான்."

"தெரிஞ்சுகொண்டோ என்ரை படலையிலை வந்து நிண்டனீங்கள்?"

"வேறை எங்கை பிள்ளை போறது?"

கோபமே இல்லாமல் சொன்னா. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பஸ்ஸில் யன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த பெண், ஆஸ்பத்திரியில் ஆருக்குச் சுகமில்லை என்று கேட்டா. ஆருக்கு என்று சொல்ல?

மார்ச் 18, புதன்

மாதக் கூட்டம். மின்விசிறி இரண்டில் ஒன்று ஓடவில்லை.

பிரேரணையை எழுதியே கொண்டுபோனேன். ஐந்து வரி. மலசலகூடத்தை நாளையே திறந்துவிட வேண்டும், துப்புரவுக்கு ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும், காசு திறப்பு விழா ஒதுக்கீட்டிலிருந்து. முதல் தீர்மானத்துக்குக் கையுயர்த்தியவள் நான், அது என் பிழை, ஒருத்தி அதனால் ஆஸ்பத்திரியில் கிடக்கிறா என்பதையும் எழுந்து நின்று சொன்னேன்.

தவிசாளர்: "ஆராவது வழிமொழியுறியளோ?"

மின்விசிறிச் சத்தம்.

ஒருவர் போனைப் பார்த்தார். ஒருவர் தண்ணீர் குடித்தார், நிறையக் குடித்தார். மற்றப் பெண் உறுப்பினர் காப்பைச் சுழற்றிக்கொண்டிருந்தா. எங்கள் கட்சிக்காரர் ஒருவர் கூரையைப் பார்த்தார், ஒழுகுகிறதா என்று தேடுகிற மாதிரி. ஒரு கை. ஒரே ஒரு கை போதும். இல்லை.

"வழிமொழிய ஆளில்லாதபடியால் பிரேரணை கைவிடப்படுது. அடுத்தது, விழாவுக்குப் பொன்னாடை, நினைவுச் சின்னம் வாங்கிற விசயம்." முன்மொழிந்தாயிற்று. தவிசாளர் சிரித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, இதையாவது நீங்கள் வழிமொழியுங்கோவன். கோவத்தை விடுங்கோ."

"வாசிச்சுப் போட்டுத்தான் இனிக் கை உயத்துவன்" என்றேன். வாசித்தேன். உயர்த்தவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், சின்னப்பிள்ளைக்குச் சிரிக்கிற மாதிரி. வேறொருவர் வழிமொழிந்தார்.

கூட்டம் முடிந்து வெளி நடையில் அந்தக் காப்புக்காரி என் கையைப் பிடித்தா. "எனக்கு விருப்பம்தான் அக்கா. எங்கடை ஆக்களிட்டைக் கேக்காமல் எப்பிடி..." கையை உதறிவிட்டேன். உதறியது பிழையா? தெரியவில்லை. எனக்கும் மூன்றாவது கூட்டத்தில் முதுகெலும்பு இருக்கவில்லையே.

வரும் வழியில் சந்தைக்குப் போனேன். கடைசிக் கடகங்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். மீன்காரி பலகையைக் கழுவிக்கொண்டே, "சரி பிள்ளை, நீர் வீட்டை போம்" என்றா.

மார்ச் 19, வியாழன்

ஆறு மணி. படலை தட்டப்படவில்லை.

ஆறேகால். இல்லை. இவர் இரண்டு வாளி தண்ணீர் நிரப்பி, புதுச் சவர்க்காரம் வைத்து, கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார். "ஒருத்தரையும் காணேல்லை" என்றார். என் மேல் வெறுத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்தேன். வெறுக்கட்டும், நியாயம்தான். ஆனால் எங்கே போவார்கள்?

செருப்பைக் கொழுவிக்கொண்டு போனேன்.

கதவு திறந்திருந்தது. பூட்டு நாதாங்கியோடு பெயர்ந்து நிலத்தில் கிடந்தது. பக்கத்தில் மீன் வெட்டுகிற கட்டை. பெண்கள் வரிசையில் நின்றார்கள், தலையை நிமிர்த்திக்கொண்டு, வீட்டுக்கதை நாட்டுக்கதை கதைத்துக்கொண்டு. தேங்காய்க்காரி தும்புத்தடியும் வாளியுமாக, ஒருத்தி வெளியே வரவர உள்ளே போய்த் தண்ணீர் அடித்தா. துண்டு கிழிக்கிறவன் தூரத்தில் நின்று ஆருக்கோ போன் பேசினான்.

"ஆர் உடைச்சது?" என்று கேட்டேன்.

"காத்துக்குத் திறபட்டிருக்கும்" என்றா மீன்காரி. ஒரு இலையும் ஆடவில்லை.

ஏழரைக்குத் தவிசாளர் போனில். சபைச் சொத்து, பொலிசு, இந்தச் சந்தைக்காரியள் எல்லாருக்கும் இடம் ரத்து, ஆரெண்டு பேரைச் சொல்லு. ஒரு மூச்சில் கத்தினார். பக்கத்தில் நின்ற பெண்களுக்கெல்லாம் கேட்டது. வரிசை பேச்சை நிறுத்தியது. இடம் போனால் கடகத்தை எங்கே வைப்பது?

நான் உடைக்கவில்லை. உடைத்திருக்க வேண்டியவள்.

"நான்தான் உடைச்சனான்" என்றேன்.

போன் செயலாளரிடம் கொடுபட்டது. முறைப்பாட்டில் எழுத வேண்டுமாம், உடைத்தவர் பெயரை எப்படிப் போடுவது என்று கேட்டார்.

முழுப் பெயரும் போடச் சொன்னேன்.