மேட்டுக்கு ஏறிய மண்

சண்டைக்கு நடுவிலும் சிரிப்பை அடக்கத் தெரியாத என் மதினிக்கு,

யுத்தம் முடிந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், அது முடிவதற்கு முன்பே நீங்கள் போய்விட்டீர்கள். ரேஷன் கடையில் கூட்டம் இன்னும் குறையவில்லை. ஆனால் பஸ்களுக்கு மறுபடியும் பெட்ரோல் கிடைக்கத் தொடங்கியிருக்கிறது. முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடிய அந்தப் பழைய பஸ் ஞாபகம் இருக்கிறதா? அதில் ஏறி மதுரைக்கு என் வீட்டுக்கு வந்தீர்கள். முகமெல்லாம் கரியோடு வாசலில் நின்று, "பஸ்ஸுக்குப் பின்னால போறது பொகையில்லடி சௌந்தரம், நம்ம மலை" என்றீர்கள். நான் சிரித்தேன். அன்று மட்டும் நீங்கள் சிரிக்கவில்லை.

அந்த பஸ்களின் அடுப்புக்காக மரங்களை வெட்டிக் கரியாக்கிய மலைச்சரிவில் மலையடிப்பட்டிக்காரர்கள் கடலை விதைத்தார்கள். அவர்களைக் குறை சொல்வதா? காலியாகக் கிடக்கிற இடத்திலெல்லாம் ஏதாவது விளைவியுங்கள் என்று சர்க்காரே சொன்ன காலம் அது. ஆனால் மேலிருந்து கீழாக உழுத சால்களின் வழியே ஒவ்வொரு மழைக்கும் செம்மண் கரைந்து இறங்கியது. ஓடையோடு வந்து நம் கண்மாய்க்குத் தண்ணீர் நுழைகிற வாயில் மேடாகப் படுத்துக்கொண்டது. தண்ணீர் அந்த மேட்டில் முட்டி, உள்ளே வராமல், ஒதுங்கிப் போய்க் குண்டாற்றில் விழுந்தது. மழை பெய்தும் கண்மாய் காய்ந்து கிடந்ததற்கு வேறு காரணம் இல்லை.

நம் ஊர்க்காரர்களும் சும்மா இருந்துவிடவில்லை. சித்திரை தோறும் வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு போய் அந்த வாயை வெட்டிவிட்டார்கள். வெட்டிய மண்ணை எங்கே போட்டார்கள்? ஓடைக்கரையின் மேலேயே. முதல் மழை அதைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகும். மறுவருஷம் மறுபடியும் மண்வெட்டி. பிறகு மலையடிப்பட்டிக்காரர்களுக்கு வசவு.

கல்லூரியில் பூகோளம் படித்தபோது ஆறுகளை நீலக் கோடாக வரைந்து பழகினேன். மண் போகிற வழிக்கு எந்தப் படத்திலும் கோடு இருந்ததில்லை. அப்படி ஒரு கோடு உண்டென்பதைப் பேரையூர்ச் சந்தையில் நீங்களும் வீராயியும் போட்ட சண்டையில்தான் முதன்முதலில் கேட்டேன்.

உங்கள் கடைசிப் பொங்கலுக்கு முந்திய சந்தை அது. மலையடிப்பட்டி வீராயி மொச்சைக் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். "ஒங்க மண்ணால எங்க கண்மாயே மூடிப்போச்சு" என்று நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள். அவள் விடுவாளா?

"எங்க காட்டு மண்ணு அம்புட்டும் ஒங்க கண்மாயிலதான் கெடக்கு. எங்களுக்குப் பாறைதான் மிச்சம். எங்க மண்ணத் தின்னு வளந்த நெல்லுதான ஒங்க நெல்லு?"

"ஆத்தாடி! எங்க மண்ணு எங்க மண்ணுங்குறியே, வண்டியக் கட்டிட்டு வந்து அள்ளிட்டுப் போயேன். யாரு வேணாங்குறா?"

சொல்லிவிட்டு உங்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாசியில் நீங்கள் போய்விட்டீர்கள்.

இனி உங்கள் மகள் கமலத்தின் கதை. நீங்கள் போன பிறகும் கண்மாய்க்குத் தண்ணீர் வரவில்லை. மடைக்குக் கீழே உங்கள் வயல் வெடித்துக் கிடந்தது. மாப்பிள்ளை முத்தையா மதுரை மில்லுக்குப் போவதென்று ஒரு டிரங்குப் பெட்டி வாங்கிவிட்டார். "இந்த ஐப்பசிக்கும் தண்ணி வரலைன்னா வயல வித்துட்டுக் கெளம்பிருவோம்" என்றார். உங்களைப் போலவே, நிஜமான கவலை வந்தால் கமலத்துக்கும் சிரிப்பு நின்றுவிடுகிறது. இந்தச் சித்திரை விடுமுறைக்கு நான் ஊருக்குப் போனபோது அந்தப் பெட்டி கூடத்தின் நடுவில் இருந்தது. எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

அந்த வாரத்தில் ஒரு காலை, கண்மாய்க்குள் வண்டிகள் இறங்கின. நம் ஊர் வண்டிகள் அல்ல. முன் வண்டியில் வீராயி.

ஊரே திரண்டுவிட்டது. நாட்டாமை வேகமாக வந்தார். "யாரக் கேட்டு வண்டிய எறக்குன?"

"இந்த ஊரு பொம்பள ஒருத்தி வந்து அள்ளிக்கிறச் சொன்னா அண்ணே. எங்க மண்ண அள்ள வந்திருக்கோம்."

அந்தச் செம்மண் யாருக்கும் வேண்டாத மண், மதினி. நம் வயலுக்குக் கண்மாய் நடுவில் உள்ள கரிய வண்டலைத்தான் எடுப்பார்கள். ஆனால் நமக்கு வேண்டாம் என்பதற்காக அவர்களுக்குக் கொடுத்துவிட முடியுமா? கூட்டத்தில் ஒருவர் அதை வாய்விட்டே சொன்னார். "கெடந்து வீணாப் போனாலும் போகட்டும், மலையடிப்பட்டிக்குக் குடுக்குறதா?"

நாட்டாமை சொன்னார்: "சந்தையில வாய்த்தகராறுல ஒரு பொம்பள சொன்னதுக்கு ஊரு கட்டுப்படுமா?"

"வாய்த்தகராறுல நீங்க எங்களத் திருட்டுப்பயலுகன்னு சொன்னீக. அத மட்டும் ஊரே இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கீக?" என்றாள் வீராயி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "டீச்சரம்மா பக்கத்துலதான் நின்னாக. சொன்னாகளா இல்லையா, கேளுங்க."

எல்லா முகமும் என்மேல். நீங்கள் அதைக் கேலியாகச் சொன்னீர்களா? கோபத்திலா? சொன்ன அந்த நொடியில், சொல்வது நியாயம்தான் என்று உங்களுக்குள் ஏதாவது தட்டியதா? அதனால்தான் சிரித்தீர்களா? எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"சொன்னாங்க. கோவத்துலதான் சொன்னாங்க. ஆனா சொன்னாங்க."

அப்போது கமலம் முன்னால் வந்தாள். "எங்கம்மா சொன்ன வாக்கு. ஊரு ஒத்துக்கிட்டாலும் ஒத்துக்கிறாட்டியும் எங்க வண்டியும் மண்ணு ஏத்தும்." பிறகு வீராயியிடம், "ஆனா ஒண்ணு சின்னம்மா. நாங்க ஏத்தி அனுப்புற மண்ணு அடுத்த மழைக்குத் திரும்பி இங்கயே வந்து படுத்துச்சுன்னா? மேல இருந்து கீழ உழுகாதீக. குறுக்க உழுங்க. குறுக்க வரப்புப் போடுங்க. ஓடைக்கரையில பத்தடி புல்லு கெடக்கட்டும், அதுல ஏரு வேணாம்."

"எங்க மண்ணு எங்ககிட்ட நிக்கணும்னுதானடி நானும் வண்டி கட்டி வந்திருக்கேன்" என்றாள் வீராயி. "நீ ஒங்காத்தா மாதிரியே பேசுற. சிரிக்க மாட்டேங்குற, அதான் கொறை."

கூட்டம் சிரித்தது. நாட்டாமையும் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுப்பது அவருக்குக் கஷ்டமாகிவிட்டது. "மண்ணு போகட்டும். வரப்புப் போடலைன்னா மறுவருசம் ஒரு கூடை கெடையாது" என்று தீர்த்துச் சொன்னார்.

மண் ஏற்றிய வண்டிகள் மலையைப் பார்த்துப் போவதை நம் ஊர் அதுவரை கண்டதில்லை. முதலில் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு மேட்டில் மாடுகள் திணறியபோது சக்கரத்துக்குத் தோள் கொடுத்தார்கள். மாப்பிள்ளை முத்தையா தன் வண்டியோடு போனார். மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது, மேலே எங்கே வரப்பு நன்றாகப் போட்டிருக்கிறார்கள், எங்கே சரியாகப் போடவில்லை என்று சாப்பிடும்போதெல்லாம் பேசினார். கமலம் சோறு போட்டபடி என்னைப் பார்த்தாள். வயலை விற்கப் போகிறவர் பேசுகிற பேச்சா அது?

ஐப்பசி மழை வந்தது. எனக்குப் பள்ளிக்கூடம். மதுரையில் வைகைப் பாலத்தில் நின்று மேற்கே கறுத்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லீவு கிடைத்த அன்றே ஊருக்கு ஓடினேன். தண்ணீர் இன்னும் சிவப்பாகத்தான் வருகிறது, மதினி, பொய் சொல்லமாட்டேன். மேலே சில வரப்புகள் உடைந்துவிட்டன. ஆனால் முன்போல் செங்கல் கரைத்தது மாதிரி இல்லை. வாயில் மேடு இல்லாததால் தண்ணீர் நேராக உள்ளே வந்தது. கண்மாய் நிரம்பி மறுகால் பாயவில்லை. அதற்கு இன்னும் இரண்டு நல்ல மழை வேண்டும். ஆனால் மடைக்கு மேலே தண்ணீர் நிற்கிறது. வாசலில் கார்த்திகை விளக்கு வைத்துவிட்டுக் கமலம் என்னை வயலுக்குக் கூட்டிப் போனாள். உங்கள் வயலில் நாற்று வேர் பிடித்துப் பச்சை திரும்பியிருக்கிறது.

டிரங்குப் பெட்டியில் இப்போது கோழி அடைகாக்கிறது. யார் வைத்தார்கள் என்று கேட்டேன். "அதுவாப் போயி உக்காந்துக்கிருச்சு அத்தை" என்றார் மாப்பிள்ளை, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

சரிவில் வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளிலிருந்து தளிர் விடுகிறதாம். வீராயி சொல்லி அனுப்பினாள். ஆடு மேய்க்கிறவர்களை அந்தப் பக்கம் அண்டவிடாமல் பார்த்துக்கொள்கிறாளாம். அவள் வாய்க்கு ஆடுகளே பயப்படும்.

அறுப்பு முடிந்ததும் புது அரிசியில் முதல் படியை எடுத்துக்கொண்டு நானும் கமலமும் மலையடிப்பட்டிக்குப் போவோம். வீராயியின் அடுப்பில் பொங்கி, அவள் இலையில் முதல் கை போட்டு, "உங்க மண்ணத் தின்னு வளந்த நெல்லுதான், சாப்பிடுங்க" என்று நான் சொல்வேன். அவள் பதிலுக்கு என்ன சொன்னாலும் உங்களுக்கு அப்படியே எழுதுவேன். ஒரு வசவுகூட விடாமல்.

உங்கள் சொல்லுக்குச் சாட்சி நின்ற நாத்தனார்,
சௌந்தரம்