துணிக்கொடிக் கம்பத்தில் தொங்கும் கைப்பேசி

அனுப்புநர்:
தையல்காரம்மா (கொத்தனாரின் மனைவி),
பள்ளத்து வீடு,
பாறைக்குப் பின்புறம், பம்பு அறையைத் தாண்டி.
(தபால்காரருக்கு இந்த விலாசம் போதும்.)

பெறுநர்:
உயர்திரு குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
தொலைத்தொடர்புச் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: எங்கள் வீட்டுக்குள் கைப்பேசிச் சிக்னல் கிடைக்காமை – சிறுநீரக மாற்று சிகிச்சைக்காகக் காத்திருக்கும் என் கணவருக்கு மருத்துவமனையின் அழைப்பு வந்து சேராமல் போனது – வீட்டுக்குள் மறுபடியும் அளந்து பார்த்து ஆவன செய்ய வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: எங்கள் குறை தீர்ந்துவிட்டதாகத் தங்கள் துறையிலிருந்து வந்த ஒரு கடிதமும் ஒரு குறுஞ்செய்தியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவைக் கோபத்தில் எழுதவில்லை. கோபத்தில் எழுதியதையெல்லாம் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆகையால் கடைசிவரை படிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

1. என் கணவர் கொத்தனார். நாங்கள் குடியிருப்பது அவர் தன் கையாலேயே கட்டிய வீடு. பாறைக்குக் கீழே பள்ளமான இடம் என்றாலும் கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்கும் என்பதால் இந்த இடத்தை வாங்கினோம். கருங்கல் சுவர், மேலே காங்கிரீட் தளம். இத்தனை மழைக்கும் ஒரு விரிசல் விட்டதில்லை. நான் கூடத்தில் தையல் இயந்திரம் போட்டு சாலைப் பக்கத்து வீடுகளுக்குத் துணி தைத்துக் கொடுக்கிறேன். இந்த வீட்டுக்குள் எந்த மூலையிலும் கைப்பேசி வேலை செய்யாது. மொட்டை மாடியில், துணிக்கொடி கட்டியிருக்கும் இரும்புக் கம்பத்தின் அருகில் மட்டும் வேலை செய்யும். கம்பத்தை விட்டுக் கையெட்டும் தூரம் நகர்ந்தால்கூடப் பேச்சு அறுந்துவிடும். எனவே எங்கள் கைப்பேசிகள் இரண்டும் அந்தக் கம்பத்தில் ஒரு துணிப்பையில்தான் தொங்கும். பை நான் தைத்தது. மாடியில் மணி அடித்தால் கீழேயிருந்து ஓடுவோம். ஓடி ஏறுவதற்குள் பாதி அழைப்புகள் நின்றுவிடும். உறவுக்காரர்கள் எங்களை ராங்கிக்காரர்கள் என்று பேசிக்கொள்வதாகக் கேள்வி. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

2. என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் பேருந்தில் போய் ரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருகிறார். என்னுடையதைத் தருகிறேன் என்று நான் கேட்டுப் பார்த்தேன். எனக்குச் சர்க்கரை இருப்பதால் மருத்துவர்கள் மறுத்துவிட்டார்கள். எனவே இறந்தவர்களின் குடும்பத்தார் மனமுவந்து தரும் உறுப்புக்காகக் காத்திருப்போர் வரிசையில் அவரைச் சேர்த்தார்கள். அன்று மருத்துவமனையில் எங்களை உட்கார வைத்து, இந்த வரிசையில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்றார்கள். அழைப்பு வந்தால் எடுக்க வேண்டும். காய்ச்சல், சளி உண்டா, கடைசியாக எப்போது சுத்திகரித்தது என்று கேட்பார்கள். நோயாளியிடமோ உடன் இருப்பவரிடமோ நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் ஒதுக்குவார்கள். பதில் சொல்லிவிட்டு உடனே கிளம்ப வேண்டும். எடுத்து வைத்த உறுப்பு காத்துக்கொண்டிருக்காது. யாரோ ஒருவர் வீட்டில் சாவு விழுந்து, அந்த அழுகைக்கு நடுவே அவர்கள் சம்மதித்து, அதன் பிறகு எங்களுக்கு வரும் அழைப்பு அது. அதை எடுக்காமல் விடுவது எவ்வளவு பெரிய பாவம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

3. அந்த வாரமே கைப்பேசி நிறுவனத்துக்கும் தங்கள் துறைக்கும் எழுதினோம். சும்மா சொல்லக்கூடாது, தங்கள் துறையிலிருந்து ஓர் ஆய்வாளர் அளக்கும் கருவியோடு வந்தார். நல்ல வெயில். வியர்த்து வழிந்து வந்தவரைப் பார்த்ததும் என் கணவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தவர் யாராக இருந்தாலும், வீட்டில் இருப்பதிலேயே நல்ல இடத்தில்தான் அவரை உட்கார வைப்பார். அதன்படி ஆய்வாளரை நேரே மாடிக்குக் கூட்டிக்கொண்டுபோய், கம்பத்தடியில் நாற்காலி போட்டு, குடையையும் கட்டிக் கொடுத்து, இங்கேதான் ஐயா சிக்னல் வரும் என்று காட்டினார். நான் தண்ணீர்ச் செம்போடு பின்னாலேயே போனேன். ஆய்வாளர் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "இங்க நல்லாத்தானே இருக்கு" என்றார். அதைக் கேட்டு நாங்கள் இருவரும் சந்தோஷப்பட்டோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தேர்வில் பிள்ளை தேறிய மாதிரி சந்தோஷப்பட்டோம். நாங்களாகவே தேடிக் கண்டுபிடித்த இடம் சரியான இடம்தான் என்று அரசாங்கத்தின் கருவியே சொல்லிவிட்டது அல்லவா. கீழே வந்து அறைகளிலும் அளக்கச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை. அவர் நல்ல மனிதர். போகும்போது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என் கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

4. பிறகு தங்கள் அலுவலகக் கடிதம் வந்தது. மேற்படி வளாகத்தில் அலைவரிசையின் வலிமை திருப்திகரமாக உள்ளது, எனவே குறை முடித்துவைக்கப்படுகிறது என்று அதில் இருந்தது. என் கணவர் அதைப் படித்துவிட்டு மடித்து அலமாரியில் வைத்தார். பிறகு, தப்பு நம்ம மேலதான் என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை. வளாகம் என்பது கம்பம் மட்டும்தானா? கம்பத்தடியில் யாரும் படுத்துத் தூங்குவதில்லை, ஐயா.

5. மழை தொடங்கிய நாட்களில் ஒரு மதியம், என் கைப்பேசியையும் பையிலேயே விட்டுவிட்டு, தைத்த துணிகளைக் கொடுப்பதற்காக நான் சாலைக்குப் போயிருந்தேன். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. வீட்டில் தனியாக இருந்த என் கணவர் மூச்சு வாங்க மாடியேறி, கொடியில் கிடந்த துணிகளையெல்லாம் அள்ளினார். கைப்பேசி நனைந்து கெட்டுப்போனால் ஆஸ்பத்திரிக்காரர்கள் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று பயந்து பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு கீழே வந்து, ஈரம் படாமல் அலமாரியில் வைத்தார். மழை விட்டதும் மறுபடி மாட்ட வேண்டும் என்று ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அழைப்பு அப்போதுதான் வந்திருக்கிறது.

6. அவருடைய எண்ணுக்கும் என்னுடைய எண்ணுக்கும் மாறி மாறி அடித்துப் பார்த்திருக்கிறார்கள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக வந்திருக்கிறது. மூன்றாவதாகக் கொடுத்திருந்தது லாரி ஓட்டும் என் தம்பியின் எண். அவன் எங்கோ தொலைவில் இருந்தான். அவனாலும் எங்களைப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் சாலையோரத்து மளிகைக்கடைக்காரருக்கு அடித்திருக்கிறான். அந்தப் புண்ணியவான் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு, சேற்றில் சறுக்கி விழுந்து எழுந்து வீட்டு வாசலுக்கு வந்து, "கொத்தனாரே, உங்களை ஆஸ்பத்திரியில தேடுறாங்க" என்று கத்தியிருக்கிறார். என் கணவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு கொட்டும் மழையில் மாடியேறி, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பேசினார். மறுமுனையில் பேசிய அம்மா மிகவும் தன்மையாகத்தான் சொன்னார்களாம். இதற்கு மேல் காத்திருக்க முடியாததால் வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டோம், அவர் கிளம்பி வந்துகொண்டிருக்கிறார் என்று. நான் வீடு திரும்பியபோது அவர் படிக்கட்டில் நனைந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "துணி நனையுதேன்னு எடுத்தேன்" என்றார்.

7. அந்தச் சிறுநீரகத்தைப் பெற்றவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அவரும் எங்களைப் போலக் காத்திருந்தவர்தானே. அவர் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறோம். என் கணவர் மனதார நினைக்கிறார். நான் நினைக்க முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

8. அதன் பிறகு கணினி மையத்துக்குப் போய் இணையத்தில் மறுபடியும் புகார் பதிந்தேன். என் கைப்பேசிக்கு ஓர் எண் வரும், அதைச் சொன்னால்தான் புகார் ஏறும் என்றார்கள். அந்த எண் வந்தது. பின்னொரு நாள் குறுஞ்செய்தியும் வந்தது. தங்களைத் தொலைபேசியில் பலமுறை அழைத்தும் தொடர்புகொள்ள இயலாததால் புகார் முடித்துவைக்கப்பட்டது என்று. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, ஐயா. வீட்டில் நெடுநாளைக்குப் பிறகு நான் சிரித்தது அன்றுதான்.

9. வேறு வழி பார்க்கக்கூடாதா என்று தாங்கள் கேட்கலாம். பார்த்தாகிவிட்டது. கம்பித் தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டு போய் வெகுகாலமாகிறது. இணையக் கம்பி இழுப்பவரைக் கேட்டால், ஒற்றை வீட்டுக்காகப் பள்ளத்தில் கம்பம் நட முடியாது என்கிறார். சிக்னலைப் பெருக்கித் தரும் பெட்டியை நாமே வாங்கி மாட்டுவது சட்டப்படி குற்றம் என்று நிறுவனத்தில் சொல்லிவிட்டார்கள். டவுனில் வாடகைக்குப் போகலாம் என்றால், வேலைக்குப் போக முடியாதவரை வைத்துக்கொண்டு என் ஒற்றைத் தையல் இயந்திரத்தால் அது ஆகாது. சாலையோரக் கடையில் கைப்பேசியைக் கொடுத்து வைக்கலாம் என்றால், கடை மூடியிருக்கும் நேரம் பார்த்து அழைப்பு வராது என்று யாரால் சொல்ல முடியும்?

10. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அழைப்பு தவறிய மறு வாரம் என் கணவர், பாரம் தூக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தும் கேட்காமல், கம்பத்தடியில் செங்கல்லும் சிமெண்டும் வைத்துக் கைப்பேசிக்கு ஒரு சின்ன அறை கட்டினார். கூரை, சாரல் அடிக்காமல் சன்ஷேடு, தண்ணீர் வடிய வாட்டம் எல்லாம் வைத்தார். அவருக்கு அரைகுறையாகக் கட்டத் தெரியாது. முகத்தில் பழைய களை வந்திருந்தது. பூச்சு காய்ந்ததும் கைப்பேசியை உள்ளே வைத்துப் பார்த்தோம். சிக்னல் இல்லை. சுவர் அவ்வளவு நேர்த்தி. சுத்தியலை எடுத்து அவரே அதை உடைத்துப் போட்டார். தான் கட்டியதைத் தானே இடிப்பதை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

11. இப்போது அவர் பகலெல்லாம் கம்பத்தடியில் தார்ப்பாய் கட்டி அதன் கீழ் உட்கார்ந்திருக்கிறார். காற்றிலும் தூசியிலும் இருக்கக்கூடாது, சளி பிடித்தால் அழைப்பு வந்தாலும் அறுவை செய்ய முடியாது என்று மருத்துவர் கண்டித்துவிட்டார். கீழே வந்தால் அழைப்பு தவறும். மேலே இருந்தால் உடம்பு கெடும். இரண்டில் எதைச் செய்யச் சொல்வது என்று தெரியாமல்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

ஆகவே, ஆய்வாளரைத் தயவுசெய்து மீண்டும் ஒருமுறை அனுப்பிவைக்க வேண்டுகிறேன். இந்த முறை நாங்கள் அவரை மாடிக்குக் கூட்டிக்கொண்டுபோக மாட்டோம். என் கணவர் படுக்கும் அறையில், கதவைச் சாத்திவிட்டு அவர் அளந்து பார்க்கட்டும். அங்கே கிடைப்பதை எழுதட்டும். அதன்பேரில், அனுமதி பெற்ற சிக்னல் பெருக்கியோ, சாலையிலிருந்து ஒரு கம்பி இணைப்போ, எது முறையோ அதைக் கொடுக்கும்படி நிறுவனத்துக்கு உத்தரவிடுமாறு வேண்டிக்கொள்கிறேன். வரிசையிலிருந்து என் கணவரின் பெயரை இன்னும் எடுக்கவில்லை. மறுபடியும் அழைப்போம் என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். இத்துடன் வைத்திருக்கும் தங்கள் புகார்ப் படிவத்தில் கைப்பேசி எண்ணைக் குறிப்பிட வேண்டிய கட்டத்தை வேண்டுமென்றேதான் காலியாக விட்டிருக்கிறேன். தங்கள் முடிவு எதுவானாலும் தபாலில் எழுதுங்கள், அல்லது ஆள் அனுப்புங்கள். தயவுசெய்து தொலைபேசியில் அழைத்துச் சொல்ல வேண்டாம். அந்த மணி ஒலிக்கும்போதெல்லாம் ஆஸ்பத்திரிதான் என்று அவர் அவசரமாகப் பையைத் திறக்கிறார். பேசுவது மருத்துவமனை இல்லை என்று தெரிந்ததும், அழைத்தவர் மனம் நோகக்கூடாது என்று, நல்லா இருக்கேன் என்று சொல்கிறார். அதைக் கீழேயிருந்து கேட்டுக்கொண்டு என்னால் தைக்க முடியவில்லை.

தங்கள் பதிலை வாசலில் எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
தையல்காரம்மா

இடம்: பள்ளத்து வீடு
நாள்: அக்டோபர் 14

இணைப்பு: தங்கள் புகார்ப் படிவம், மருத்துவரின் சான்று நகல், தங்கள் அலுவலகக் கடிதத்தின் நகல். குறுஞ்செய்தியை நகலெடுக்க வழி தெரியாததால் கையால் எழுதி வைத்திருக்கிறேன்.