கதவுக்கு அடியில் வரும் கடிதம்

ஹேஸல்டன்,
அக்டோபர் 13, செவ்வாய், பகல் பத்தரை மணி.

அன்புள்ள டெரன்ஸ்,

இந்தக் கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளியவர் பெயர் லோவெல். ஜனாதிபதியின் பாதுகாப்புப் பிரிவு அதிகாரி. உன் மாமாவின் ஏரிக்கரை வீட்டுக்கு அவரை அனுப்பியது நான்தான். முழுவதையும் படித்துவிட்டுக் கோபப்படு. அவரும் இதைப் படித்திருப்பார். அதனால் நமக்குள் மட்டும் பேச வேண்டியதை எழுதவில்லை.

நேற்று அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஆறு வருடத்துக்கு முன் உன் அப்பாவின் நுரையீரலை நிலக்கரிச் சுரங்கம் தின்றுவிட, உதவித்தொகையும் மறுக்கப்பட்ட ஆத்திரத்தில், அப்போதைய ஜனாதிபதிக்கு "நீயும் மூச்சு முட்டித்தான் சாவாய், நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதினாய். ஐந்து வருடம் வரை சிறை கிடைக்கும் குற்றம் அது. உன்னை மனநல மருத்துவமனையில் சேர்த்ததோடு விட்டார்கள். அன்று முதல் ஜனாதிபதி இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் நீ எங்கே என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொன்னேன். நேற்று மட்டும், மாடியில் தூங்குகிறான் என்றேன்.

உன் மாத்திரைகள் நீ தொடாமல் அப்படியே இருக்கின்றன. போன வியாழக்கிழமை, ஜனாதிபதி பேசப்போகும் கூட்டத்துக்காக வேலி போட்டிருந்த பள்ளி மைதானத்துக்குள் நீ நுழைந்தாயாம். "நான் படிச்ச ஸ்கூல்டா இது, என்னைத் தடுக்க நீ யாரு?" என்று காவலரிடம் கத்தினாயாம். ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் இதைத்தான் பேசினார்கள். நீயோ வெள்ளிக்கிழமையே சொல்லாமல் போய்விட்டாய். இதையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வேன்?

இன்று ஒன்பது மணிக்கு அவரும் ஓர் இளம் பெண் அதிகாரியும் வந்தார்கள். காலைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு டோரத்தி வேலிக்கு அப்பாலிருந்து, "என்ன ஹெலன், வாசல்ல கறுப்புக் காரு! பிரசிடென்ட் காபி குடிக்க வர்றாரா?" என்றாள். "ஆமா, உன்னைத்தான் கூப்பிடல" என்று கதவைச் சாத்தினேன்.

லோவெல் மரியாதையாகத்தான் கேட்டார். "பையனைக் கொஞ்சம் கீழ வரச் சொல்லுங்க மேடம். ரெண்டு நிமிஷம் பேசிட்டுப் போயிடறோம்."

படிக்கட்டின் கீழே நின்று உன்னைக் கூப்பிட்டேன். காலி அறையை. ஒரு முறை அல்ல, இரண்டு முறை. கன்னியாஸ்திரிகளிடம் பன்னிரண்டு வருடம் படித்தவள், எழுபத்து நான்கு வயதில். இரண்டாவது முறை, நீ பதில் சொல்லிவிடுவாய் என்றே காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும் மேடம், உட்காருங்க" என்றார் லோவெல். தங்களிடம் பொய் சொல்வதே தனிக் குற்றம் என்றார். "அது இப்ப எனக்கு முக்கியமில்ல. அவர் எங்க போயிருப்பாரு? அங்க துப்பாக்கி ஏதும் இருக்கா?"

ஏரிக்கரை வீட்டுக்குத்தான் போயிருப்பாய், ஸ்டான்லி மாமா ஊரில் இல்லை, சாவி இருக்கும் இடம் உனக்குத் தெரியும் என்றேன். மான் வேட்டைத் துப்பாக்கிகள் இரண்டு அங்கே இருப்பதையும் சொன்னேன். அதன்பின் அவர்கள் என்னோடு பேசும் விதமே மாறிவிட்டது. அந்தப் பெண் காருக்குப் போய் வயர்லெஸில் பேசினாள். எத்தனை பேர் வருகிறார்கள் என்பது என் காதில் விழுந்தது. அதை எழுதக் கூடாதாம்.

நானும் வருகிறேன் என்றேன், மறுத்துவிட்டார். கதவைத் தட்டும் முன் என் கடிதம் உள்ளே போகட்டும் என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்துத்தான் சரி என்றார். எதிரே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

டெரன்ஸ், துப்பாக்கி சுவரில் இருந்தால் அங்கேயே இருக்கட்டும். கையில் இருந்தால் தரையில் வை. வெளியே குளிர்தான், ஆனாலும் கோட்டைப் போடாதே. பையில் எதையும் தேடாதே, மூக்குக் கண்ணாடியைக்கூட. கதவைத் திறந்து, இரண்டு கைகளும் அவர்களுக்குத் தெரியும்படி வா. என்னைத் திட்டுவதை அப்புறம் நேரில் வைத்துக்கொள். எத்தனை வருடமானாலும் கேட்டுக்கொள்கிறேன்.

தேவமாதா உன் கூடவே வரட்டும். மெதுவாக நட, கண்ணா. ஓடாதே.

உன் அம்மா,
ஹெலன்