கம்பைலர் படிக்காத கோப்பு

6.11.2006, திங்கள்

சிறுசேரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் எழுதுகிறேன், கையெழுத்து கோணல்தான். மறுபடியும் அதே புகார். எங்கள் நெட்வொர்க் புரோகிராம் 65,536 பாக்கெட் அனுப்பியதும் இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் போடும் வரிசை எண்ணுக்கு ஒதுக்கிய இடம் போதவில்லை. packet.h கோப்பில் அதைப் பெரிதாக்கி, சரிசெய்துவிட்டேன் என்று போன வாரமே மெயில் போட்டவள் நான்.

டீம் லீட் ஹரிசங்கர் எல்லார் முன்னாலும் கேட்டார். "மாத்தினியா ஜெபா, இல்ல மாத்தினேன்னு சும்மா சொன்னியா?"

வெள்ளியோடு என் புரொபேஷன் முடிகிறது. வேலை நிரந்தரமா என்று எழுதப்போவதும் அவர்தான்.

7.11, செவ்வாய்

மாத்தினேன். மாத்தினேன்! கண்ணெதிரே இருக்கிறது. புதிதாக பில்டு போட்டு ஓட்டினால் பழையபடி இணைப்பு அறுகிறது. எனக்கே என்மேல் சந்தேகம்.

அப்பா இதே கட்டடத்துக்கு, கான்கிரீட் போட சென்ட்ரிங் பலகை அடித்தவர். திருப்போரூரில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடமெல்லாம் என் கம்பெனி பெயரைச் சொல்லிவைத்திருக்கிறார். "இன்னாமா, தட்டையே பாத்துகினு கீற?" என்றார். எரிந்து விழுந்தேன். பாவம்.

8.11, புதன்

கடுப்பில் packet.h நடுவே கண்டதைத் தட்டினேன்: yaaravathu padikiringala. இதைப் பார்த்தால், கோப்புகளைப் படித்து புரோகிராமாக்கும் கம்பைலர் பிழை என்று கத்த வேண்டும். கத்தவில்லை. பில்டு சுத்தமாக முடிந்தது.

அப்படியென்றால் — என் கோப்பை அது திறக்கவே இல்லை.

தேடினேன். வேறொரு ஃபோல்டரில் இன்னொரு packet.h, பழசு. ஒரே பெயரில் இரண்டு இருந்தால், தேடும் வரிசையில் முன்னால் வருவதைத்தான் கம்பைலர் எடுத்துக்கொள்ளும். வரிசையை மாற்றியது யார்? மாற்றங்களின் பதிவில் பார்த்தேன்: போன மாதம், ஹரிசங்கர். தன் ஃபோல்டரை முதலில் போட்டிருக்கிறார்.

9.11

சொல்வதா? சத்தமில்லாமல் என் கோப்பின் பெயரை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் போன வாரம் நான் பொய் சொன்னதாகவே நிற்கும்.

பக்கத்து சீட் பிரபாவதி, "கையெழுத்துப் போடப்போறவர்கிட்ட எதுக்குடி வம்பு?" என்கிறாள்.

10.11, வெள்ளி

மீட்டிங்கில் அந்த உளறல் வரியோடு பில்டு போட்டுக் காட்டினேன். பிழை இல்லை. ஃபோல்டர் தேடும் வரிசையை மாற்றிப் போட்டேன். உடனே நின்றது — பிழைச் செய்தியில் padikiringala. யாரோ சிரித்தார்கள்.

"வரிசையை யாரு மாத்தினது?" என்றார் ஹரிசங்கர்.

இங்கே எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு வாயில் வந்தது, "நீங்கதான் சார்."

எழுந்து போய்விட்டார். சாயங்காலம் வரை வேலை நிரந்தரக் கடிதமும் வரவில்லை.

12.11

மாமல்லபுரம் சர்ச். பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை.

14.11, செவ்வாய்

என் கோப்புக்குப் புதுப் பெயர், linkpacket.h. டெஸ்ட்டில் எண் 65,536-ஐத் தாண்டி ஓடியது. லட்சம் வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மதியம் ஹரிசங்கர் எல்லாருக்கும் மெயில் அனுப்பினார்: "ஜெபா முன்பே மாற்றியிருந்தாள், அதை மறைத்தது நான் போட்ட வரிசை." ஐந்து மணிக்கு, வேலை நிரந்தரம் என்ற கடிதம் கைக்கு வந்தது.

அப்பாவிடம் நீட்டினேன். இங்கிலீஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீயே பட்ச்சி சொல்லும்மா" என்றார். படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.