மார்க் இல்லாத டெஸ்ட்

ஜூலை 7, திங்கள்

இன்று முதல் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், எனக்கு அவமானமாக இருந்தாலும். காலையிலேயே புழுக்கம்.

மூன்றாம் பீரியடில் சயின்ஸ் மிஸ் திடீர் டெஸ்ட். ஒளி பாடம். இன்னும் நடத்தவே இல்லை.

"இதுக்கு மார்க் கிடையாது. உங்களுக்கு என்ன தெரியலைன்னு தெரிஞ்சாதான் எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னு எனக்குத் தெரியும்."

நம்பினேன். பத்துக் கேள்வியில் ஆறுக்கு 'தெரியாது' என்று எழுதினேன். நல்ல கையெழுத்தில்.

பிறகு வழக்கம்போல் பேப்பரைப் பக்கத்தில் மாற்றித் திருத்தல். மிஸ் விடைகளைப் போர்டில் எழுதினார். என்னுடையது என் சிநேகிதி கௌசல்யாவிடம் (இனி கௌ.), அவளுடையது அவளுக்கு அந்தப் பக்கம் இருந்தவளிடம்.

"இன்னாடி, தெரியாதுன்னு எழுதிக்கீற? இரு, ரொப்பிடறேன்."

"தொடாதே."

"லூசு."

சுற்றிலும் பேனா ஓடும் சத்தம். வகுப்பே நிரப்பிக்கொண்டிருந்தது. மார்க்கே இல்லாத ஒன்றுக்கு!

ஜூலை 8, செவ்வாய்

நாற்பத்தொரு பேருக்குப் பத்துக்குப் பத்து. எனக்கு நான்கு. மிஸ்ஸுக்கு ஒரே பூரிப்பு. எல்லாருக்கும் தெரிந்த பாடத்தை எதற்கு நடத்துவது என்று நேராக அடுத்த பாடம். எனக்கு மட்டும் வியாழன் நாலு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ்.

அதே நாலு மணிக்குத்தான் க்விஸ் டீம் தேர்வு. லீவு முழுக்க அதற்காகத்தான் படித்தேன்.

மிஸ்ஸிடம் சொன்னேன். "முதல்ல பாடத்தைப் பாரும்மா."

உண்மையைச் சொல்லலாம். ஆனால் கௌ.வையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். சொல்லவில்லை.

அம்மா: "ஏட்டி, தெரியாதுன்னு யாராவது பரீட்சையில எழுதுவாங்களா? வாய்க்கு வந்ததை எழுதி வச்சா அரை மார்க்காவது போடுவாங்கல்ல?"

வாங்க வேண்டியது: ரீஃபில், கிராஃப் நோட், கொத்தமல்லி.

ஜூலை 10, வியாழன்

மழை இருட்டு. மழைதான் இல்லை.

ஸ்பெஷல் கிளாஸில் மிஸ், நான், காலி பெஞ்சுகள். மாடியில் க்விஸ் கைதட்டல். மிஸ் தண்ணீர் டம்ளரில் பென்சிலைப் போட்டு விளக்கினார். நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சல்.

பஸ்ஸுக்குச் சேர்ந்து போக வாசலில் நின்ற கௌ. மெல்ல உள்ளே வந்துவிட்டாள்.

"மிஸ், பென்சில் ஏன் ஒடைஞ்ச மாரி கீது?"

"நீ பத்துக்குப் பத்து வாங்கினியே?"

கௌ. என்னைப் பார்த்தாள். பிறகு தரையை.

"அது ரொப்புனது மிஸ். எல்லாருமேதான். இவதான் தொடவே வுடல."

மிஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். "மார்க் இல்லைன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"எல்லா மிஸ்ஸும் அப்டித்தான் சொல்வாங்கோ மிஸ்" என்றாள் கௌ.

மிஸ் என் பையை எடுத்து என் கையில் திணித்தார். "ஓடு. க்விஸ்ஸுக்கு ஓடு."

இரண்டிரண்டு படியாக ஏறினேன். அறையில் ஆயா மட்டும், பெருக்கி முடித்திருந்தார். போர்டில் நான்கு பெயர்கள். மூன்றாவதைப் படிப்பதற்குள் லைட்டை அணைத்துவிட்டார்.